அப்பாவின் பாத்திரக் கடைக்குப் போவதற்காக அலுவலக வேலையை விடலாமா? (பெங்களூரு)

ஸ்ரீராமபுரத்துக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. வெளிவட்டச் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். பிடித்தம் போக மாதம் 1,30,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 38,000. மனைவி பள்ளி ஆசிரியை. எங்களுக்கு ஒரு மகள்.

அப்பா 1983இல் ஸ்ரீராமபுரத்தில் தொடங்கிய பாத்திரக் கடையை இன்றும் அவரே நடத்துகிறார். அவருக்கு 68 வயது. சென்ற மழைக்காலத்தில் பரணிலிருந்து அண்டாவை இறக்கும்போது ஏணியில் சறுக்கி முழங்காலில் அடிபட்டது. நான்கு வாரம் கடை பாதி நாள்தான் திறந்திருந்தது. அந்த நான்கு வாரமும் மாலை ஏழு மணிக்கு மேல் நான் போய்க் கல்லாவில் உட்கார்ந்தேன். கடையை விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் அப்போது வந்தது. அது வேலைச் சலிப்பினால் வந்ததன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வேலையில் எனக்குக் குறையில்லை.

அப்பா ஒரு டபராவை எடுத்து அதன் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிவிட்டு, "இது 22 கேஜ் இல்லை, 24" என்பார் (கேஜ் எண் கூடினால் தகடு மெல்லியது). தராசில் வைத்தால் எடை அவர் சொன்னபடியே குறைந்திருக்கும். காந்தம் ஒட்டவில்லை என்றால் உயர்ந்த எவர்சில்வர் என்று வாடிக்கையாளர்கள் நம்புகிறார்கள். 202 ரகத்திலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது என்றும், 304இல் நிக்கல் 8 சதவீதமாவது இருக்கும்போது 202இல் அதில் ஏறக்குறையப் பாதிதான் என்றும் அவர் பொறுமையாக எடுத்துச் சொல்லி, விலை குறைந்ததைக் குறைந்தது என்று சொல்லியே விற்பார். இந்த அறிவு அவரோடு முடிந்துவிடுமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

அப்பா "வா" என்றும் சொல்லவில்லை, "வராதே" என்றும் சொல்லவில்லை. கடையில் ஒவ்வோர் உருப்படியிலும் ஒட்டியிருக்கும் சீட்டில் விற்பனை விலைக்குக் கீழே நான்கைந்து எழுத்துகள் எழுதப்பட்டிருக்கும். அடக்க விலைக்கான மறைகுறி அது. எழுத்து எதுவும் திரும்பி வராத பத்தெழுத்துச் சொற்றொடர் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து எழுதுவது பழைய கடைகளின் வழக்கம். அந்தச் சொற்றொடர் இன்றுவரை எனக்குத் தெரியாது. இருபது ஆண்டுகளாகக் கடையில் இருக்கும் மூத்த பணியாளருக்கும் தெரியாது.

இப்படிப் போனவர்கள், போய்விட்டுத் திரும்பியவர்கள், பிள்ளைகள் வர வேண்டும் என்று காத்திருக்கும் பெரியவர்கள் எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.


திரும்பி வந்தவன்

நான் போய்விட்டுத் திரும்பியவன். சிக்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்குப் பட்டுச் சேலை மொத்த வியாபாரம். 2018இல் வேலையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தேன், 2021இல் மறுபடியும் அலுவலக வேலைக்கு வந்துவிட்டேன். ஊரடங்கினால் வியாபாரம் படுத்தது என்றுதான் உறவினர்களிடம் சொல்லியிருக்கிறோம். உண்மைக் காரணம் அதற்கு முன்பே இருந்தது.

மூன்று ஆண்டுகளில் எனக்குச் சம்பளம் என்று ஒன்று குறிக்கப்படவே இல்லை. "நம் கடைதானே, வேண்டியதை எடுத்துக்கொள்" என்று அப்பா சொன்னார். அன்போடுதான் சொன்னார். ஆனால் 33 வயதில், மனைவியின் பிரசவச் செலவுக்குக் கல்லாவிலிருந்து பணம் எடுக்கும்போது, எதிரில் கணக்கெழுதிக்கொண்டிருந்த சித்தப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கல்லாவில் கை வைக்க எனக்குக் கூசியது. சித்தப்பாவுக்கும் அந்த வியாபாரத்தில் பங்கு உண்டு. நான் எடுப்பது யார் பங்கிலிருந்து என்பது எங்கும் எழுதப்படவில்லை. அவர் பார்த்ததைக் குற்றம் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

கொள்முதலில் எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் என்னை அழைத்துப் போவார்கள்; விலை பேசும்போது வெளியே உட்கார வைப்பார்கள். வாராக் கடனை வசூலிக்க மட்டும் என்னை அனுப்புவார்கள். கடைக்காரர்கள் என்னை வசூலுக்கு வரும் பையன் என்றே அறிந்தார்கள்.

கடைக்குப் போங்கள் என்றோ போக வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. வேலையை விடும் முன்பே மூன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: மாதம் எவ்வளவு எடுப்பீர்கள், உங்கள் பங்கு எத்தனை சதவீதம், எந்தத் தொகை வரை நீங்கள் தனியாகக் கொள்முதல் செய்யலாம். அப்பாவிடம் எழுதி வாங்குவதா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. அந்தத் தயக்கத்துக்கு நான் கொடுத்த விலை மூன்று ஆண்டுகளும், சித்தப்பாவோடு இருந்த நல்லுறவும்.


கணக்காளர், இராஜாஜிநகர்

உங்களைப் போன்றவர்கள் ஆண்டுக்கு நான்கைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் கேட்பதையே உங்களிடமும் கேட்கிறேன். ஆண்டு விற்பனை, சில்லறை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, இருப்பு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, கட்டடம் சொந்தமா வாடகையா என்ற விவரங்களைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். அப்பாவிடம் இவற்றைக் கேட்டு வாங்க முடிகிறதா என்பதே உங்களுக்கு முதல் தேர்வு.


ஸ்ரீராமபுரத்துக்காரன்

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதல் ஞாயிறு அப்பா, "எதற்குடா இப்போது?" என்றார். இரண்டாம் ஞாயிறு அவரே பேரேடுகளை எடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

வரி நீங்கலாக ஆண்டு விற்பனை 1 கோடியே 40 லட்சம். அதில் பாதி, அதாவது 70 லட்சம், ஹோட்டல், மெஸ், கல்யாண மண்டபங்களுக்குக் கொடுப்பது. அதில் லாபம் 9 சதவீதம். மீதி 70 லட்சம் சில்லறை. அதில் 23 சதவீதம். மூன்று பணியாளர்களுக்குத் தலைக்கு 18,000 ரூபாய் சம்பளம். மின்சாரம், வண்டி, இதர செலவுகள் ஆண்டுக்கு 3,60,000. இருப்பு 38 லட்சம். அதில் 9 லட்சத்துச் சரக்கு இரண்டு ஆண்டுகளாக அசையவில்லை, பெரும்பாலும் பித்தளைக் குத்துவிளக்குகளும் பழைய வார்ப்புப் பாத்திரங்களும். வர வேண்டியது 21 லட்சம், எல்லாம் ஹோட்டல் பாக்கி. 6 லட்சம் ஓராண்டுக்கு மேற்பட்டது. கொடுக்க வேண்டியது 14 லட்சம். வங்கிக் கடன் இல்லை. கட்டடம் சொந்தம், அப்பா பெயரில் உள்ளது, அவரே சம்பாதித்து வாங்கியது. அந்தத் தெருவில் அந்த அளவுக் கடைக்கு இன்று 60,000 ரூபாய் வாடகை கிடைக்கும். எனக்கு ஒரு தங்கை. ஓசூரில் மணமாகி இருக்கிறார்.


கணக்காளர், இராஜாஜிநகர்

உங்கள் அப்பா பேரேட்டை மேசையில் வைத்தார் என்பது பெரிய செய்தி. இப்போது கணக்கைப் பாருங்கள்.

மொத்த லாபம் ஹோட்டல் பக்கம் 6,30,000, சில்லறையில் 16,10,000, ஆக 22,40,000. சம்பளம் 6,48,000, இதர செலவு 3,60,000 போனால் மிஞ்சுவது 12,32,000. மாதத்துக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பல பிள்ளைகள் வேலையை விடுகிறார்கள்.

கட்டடத்தைப் பூட்டி வாடகைக்கு விட்டாலே ஆண்டுக்கு 7,20,000 வரும். அதைக் கழித்தால் 5,12,000. இருப்பும் பாக்கியும் சேர்ந்து, கொடுக்க வேண்டியது போக, 45 லட்சம் முதல் கடைக்குள் முடங்கியிருக்கிறது. அதை வைப்புநிதியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் 3,15,000. அதையும் கழித்தால் மிஞ்சுவது 1,97,000. மாதத்துக்கு 16,400 ரூபாய். நாள் முழுவதும் கடையில் நின்று உங்கள் அப்பா தம் உழைப்புக்குப் பெறுவது அவ்வளவுதான், பணியாளருக்கு அவர் தரும் சம்பளத்தைவிடக் குறைவு. இதை அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நாற்பதாண்டுகளுக்கு முன் வாங்கிய கட்டடமும் சேர்த்த முதலும் கடையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை நீங்கள் தெரிந்துகொண்டுதான் உள்ளே வர வேண்டும். நீங்கள் வந்தால் இதே வருமானத்தை இரண்டு குடும்பங்கள் பங்கிட வேண்டும்.

கவலைக்குரியது ஹோட்டல் பக்கம். சராசரியாக மூன்றரை மாதம் கழித்துப் பணம் வருகிறது. சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு வாங்கி விற்கும் வணிகர்களுக்குக் கிடையாது. 2021இல் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவில் வணிகர்களைச் சேர்த்தபோது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்று அரசு வரையறுத்துவிட்டது. ஆனால் நீங்கள் சரக்கெடுக்கும் சிறு உற்பத்தியாளருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதற்குள் நீங்கள் கொடுக்காமல், ஆண்டு முடிவில் அது பாக்கியாகவே நின்றால், 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதியின்படி அந்தக் கொள்முதலை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். ஆகவே வாங்கும் பக்கம் 45 நாள், விற்கும் பக்கம் 110 நாள். இந்த இடைவெளியை உங்கள் அப்பாவின் சேமிப்பு நிரப்பிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, எழுத்து. இன்று கடை அப்பாவின் தனி உரிமை நிறுவனமாக இருக்கும். அவருக்குப் பின் ஜி.எஸ்.டி. பதிவைப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். அதனால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதுங்கள். இதில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. நீங்களும் அப்பாவும் மட்டும் பங்காளிகளாக இருந்தால், ஒருவர் மறைந்ததும் நிறுவனம் கலைந்துவிடும், ஏனெனில் ஒரே ஆளைக் கொண்டு கூட்டாண்மை இல்லை. அம்மாவையோ தங்கையையோ மூன்றாவது பங்காளியாகச் சேர்த்து, ஒருவர் மறைந்தாலும் மற்றவர்கள் தொடர்வார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பங்காளிக்குத் தரும் சம்பளமும் வட்டியும் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 2025 ஏப்ரல் 1 முதல் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. முதலுக்கான வட்டி 12 சதவீதத்துக்கு மேல் செலவாக ஏற்கப்படாது.

கட்டடத்தைக் கூட்டாண்மைக்குள் கொண்டுவர வேண்டாம். அப்பாவின் சொத்தாகவே இருக்கட்டும். கடை அவருக்கு வாடகை கொடுக்கட்டும். அவர் உயில் எழுதாமல் போனால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சம பங்கு. பத்தாண்டு உழைத்துக் கடையை வளர்த்த பிறகு இதைப் பேசுவது கடினம். இன்றே தங்கையை உட்கார வைத்துப் பேசுங்கள்.

நிறுவனத்தில் எத்தனை ஆண்டு முடித்திருக்கிறீர்கள்? அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீடு உங்கள் அலுவலகத்தின் வழியாகவா?


ஸ்ரீராமபுரத்துக்காரன்

இந்த நிறுவனத்தில் 4 ஆண்டு 5 மாதம். அடிப்படைச் சம்பளம் 70,000. காப்பீடு அலுவலகத்தின் வழியாகத்தான். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. 16,400 என்ற எண்ணை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.


கணக்காளர், இராஜாஜிநகர்

அப்படியானால் ஏழு மாதம் பொறுங்கள். ஐந்து ஆண்டு முடிந்தால் பணிக்கொடை கிடைக்கும்: 70,000ஐ 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, 5ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,02,000 ரூபாய். அறிவிப்புக் காலமும் பணிக்காலத்தில் சேரும்.

விலகும் முன்பே அலுவலகக் குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். விலகிய பிறகு புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம். வேறு கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்குங்கள். சொந்தத் தொழில் என்றால் வங்கிகள் இரண்டு மூன்று ஆண்டுக் கணக்குகளைக் கேட்கும். பி.எஃப். பணத்தை எடுத்துக் கடைச் சரக்கில் போடாதீர்கள்.


மின்சாமான் கடை மகள்

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். தங்கையைப் பற்றிக் கணக்காளர் ஐயா எழுதியதற்கு நன்றி. எங்கள் வீட்டில் நான்தான் அந்தத் தங்கை.

பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கம் எங்களுக்கு மின்சாமான் கடை. அண்ணன் வெளிநாட்டில் குடியேறிவிட்டார். அவர் திரும்பி வருவார் என்று அப்பா ஆறு ஆண்டுகள் காத்திருந்தார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு அதே வீட்டில் இருந்த என்னிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானாகக் கேட்டபோது, "மேஸ்திரிகளோடும் எலெக்ட்ரீஷியன்களோடும் உனக்கு எதற்கம்மா பேச்சு?" என்றார். எட்டு ஆண்டுகளாக அவர்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஐயா, நீங்கள் முடிவு செய்யும் முன் உங்கள் தங்கைக்கும் கடையில் ஈடுபாடு உண்டா என்று ஒரு முறை கேளுங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்காக மட்டும் அவரை அழைக்காதீர்கள்.

நான் சேர்ந்த முதல் ஓராண்டு எதையும் மாற்றவில்லை. பணியாளர்கள் என் சொல்லைக் கேட்கவில்லை; நான் கேட்கும் பொருளை எடுத்துத் தருவதற்கு முன் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பாக்கி நோட்டை மட்டும் கேட்டு வாங்கினேன். பெயர் பெயராகப் புதிய நோட்டில் எழுதி, எந்தத் தேதியில் எவ்வளவு, கடைசியாக எப்போது கொடுத்தார் என்று பிரித்தேன். அப்படி எழுதும்போதுதான், பதினான்கு பேர் பழைய பாக்கியைத் தொடாமல் புதிய சரக்குக்கு மட்டும் பணம் கொடுத்து வருவது தெரிந்தது. அப்பாவுக்கு அவர்கள் ஒழுங்காகக் கொடுப்பவர்கள் என்றே தோன்றியிருந்தது, ஏனெனில் மாதாமாதம் கைக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. அந்தப் பதினான்கு பேரையும் நானே நேரில் போய்ப் பார்த்தேன். ஒன்பது பேர் தவணை முறைக்கு ஒப்புக்கொண்டார்கள். முதல் பணம் வந்த நாளுக்குப் பிறகு பணியாளர்கள் என்னிடம் நேராகக் கேட்கத் தொடங்கினார்கள்.

உங்களுக்கு ஏழு மாதம் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் அந்த 21 லட்சத்தைப் பெயர் பெயராக எழுதுங்கள்.


பீன்யாவில் இருந்து ஒருவர்

இணையத்தில் விற்கலாம் என்று யாராவது சொல்லுவார்கள். அதனால் முன்கூட்டியே ஒன்று சொல்கிறேன். கூரியர்காரர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்வது வழக்கம். 40க்கு 40க்கு 35 பெட்டியில் போகும் அண்டா 3 கிலோ இருந்தாலும் 11 கிலோவுக்கு மேல் கட்டணம் வரும். பாத்திரம் என்றாலே உள்ளே காற்றுதான். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் டம்ளர், கிண்ணம், இட்லித் தட்டு, கரண்டி வகைகளுக்கு மட்டும் கட்டுப்படியாகும். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் ஆணை வெளியிட்டது, ஐ.எஸ். 14756 என்பது அதன் தர எண். கொள்முதலை எங்கே செய்கிறீர்கள் என்பதை அதற்கேற்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஹலசூர் அரிசி மண்டி

தம்பி, எனக்கு 71 வயது. உங்கள் அப்பாவின் இடத்தில் இருப்பவன். அதனால் அவர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அவர் "வா" என்று சொல்லாததற்குக் காரணம் உங்களை விரும்பாதது அன்று. உங்களைப் படிக்க வைத்தவர் அவர். கடையில் நின்று தாம் பட்ட பாடு பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் படிக்க வைத்தார். இப்போது "வா" என்று சொன்னால், நாளைக்குக் கடை நொடித்துப் போனால் அந்தப் பழி தம்மேல் விழும் என்று அஞ்சுவார். என் மகன் கேட்டபோது நானும் பேசாமல்தான் இருந்தேன். பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவன் புனேயில் இருக்கிறான்.

இரண்டாவது, ஹோட்டல் வியாபாரத்தில் லாபம் குறைவு, பாக்கி அதிகம் என்று கணக்காளர் ஐயா சொல்வது எண்ணளவில் சரி. ஆனால் அந்த ஹோட்டல்காரர் தம் வீட்டுக் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க எங்கே வருவார்? வரமகாலட்சுமி நோன்புக்குக் கலசச் சொம்பு வாங்க அவர் வீட்டம்மா எந்தக் கடைக்கு வருவார்? சில்லறையில் எழுதப்படும் 23 சதவீதத்தில் ஒரு பகுதி இந்த 9 சதவீதத்தின் வழியாக வந்தது. ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை நிறுத்துவது என்று அப்பாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பாருங்கள்.

மூன்றாவது, 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது என் கடைக் கதவை இழுத்து மூடி, பக்கத்துக் கடைக் கன்னடக்காரர் தம்முடைய பூட்டைப் போட்டு, இது தம் கிடங்கு என்று சொல்லி நின்றார். என் அரிசி மூட்டை ஒன்றுகூடப் போகவில்லை. அவருக்கும் எனக்கும் இடையே இருந்தது எந்தப் பேரேட்டிலும் இல்லை. உங்கள் அப்பாவுக்கும் அந்தத் தெருவில் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். அவரே உங்களை அழைத்துக்கொண்டு போய் அவர்களிடம் "இவன் இனிமேல் கடையைப் பார்த்துக்கொள்வான்" என்று சொல்ல வேண்டும். அதை அவர் நடக்க முடிகிற காலத்தில் செய்ய வேண்டும்.

அந்தப் பத்தெழுத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு அது விலை மட்டும் இல்லை தம்பி. அடக்க விலை தெரிந்தவன்தான் வாடிக்கையாளருக்கு எதுவரை விட்டுக்கொடுக்கலாம் என்று தானே முடிவு செய்ய முடியும். அதைச் சொல்லாதவரை ஒவ்வொரு பேரத்துக்கும் நீங்கள் அப்பாவின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். அவரிடம் நேராகக் கேளுங்கள். அவர் சொல்லவில்லை என்றால் வேலையை விடாதீர்கள்.


திரும்பி வந்தவன்

பெரியவர் எழுதிய கடைசி இரண்டு வரிகளை 2018இல் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.


ஸ்ரீராமபுரத்துக்காரன்

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை ஓசூரிலிருந்து வந்தார். கடையில் உங்களுக்கு ஈடுபாடு உண்டா என்று மின்சாமான் கடைச் சகோதரி சொன்னபடியே கேட்டேன். நாள்தோறும் வர இயலாது என்றும், ஆனால் கணக்கைத் தாம் பார்த்துக்கொள்ள விரும்புவதாகவும் சொன்னார். அவர் வணிகவியல் படித்தவர் என்பதே எங்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்குப் பதிலாக அவரையே மூன்றாவது பங்காளியாகச் சேர்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. அப்பாவுக்கு 40, எனக்கு 40, தங்கைக்கு 20 சதவீதம். கட்டடம் வெளியே இருக்கும். கடை அப்பாவுக்கு மாதம் 40,000 ரூபாய் வாடகை கொடுக்கும். நான் மாதம் 45,000 எடுத்துக்கொள்வேன். வீட்டுத் தவணைக்கு அது போதும். மற்றச் செலவுகளுக்கு இரண்டு ஆண்டு மனைவியின் சம்பளத்தில் இருப்பது என்று அவரும் நானும் பேசி ஒப்புக்கொண்டிருக்கிறோம். அவருக்கு முழு மனம் இல்லை என்பதையும் இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டாம் ஆண்டின் இறுதியில் மீண்டும் உட்கார்ந்து பேசுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

16,400 என்ற எண்ணை அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கட்டடத்தை வாங்கியதும் இந்தக் கடைதானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கணக்காளர் ஐயாவிடமும் இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் மறுநாள் அவரே அசையாத சரக்கைப் பார்க்கலாம் என்றார். 9 லட்சத்துச் சரக்கில் பழைய வார்ப்புப் பாத்திரங்களை மட்டும் முதலில் உருக்குபவருக்கு எடை போட்டு விற்கிறோம், விளக்குகளை வைத்துக்கொள்கிறோம். பாத்திரத்துக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5ஆகக் குறைந்ததில் பழைய இருப்பை வாங்கும்போது கட்டிய வரியில் எவ்வளவு வரவாகக் கணக்கில் தேங்கி நிற்கிறது என்பதைத் தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஹோட்டல் பாக்கியைப் பெயர் பெயராக எழுதினேன், மொத்தம் 31 பெயர்கள். அப்பா ஹலசூர் ஐயா சொன்னதைப் போலவே ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கதை சொன்னார். மூன்று பேருக்கு மட்டும் இனிக் கடன் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் அவர் இறங்கவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேட்பேன்.

இன்னும் மூன்று மாதம் கழித்து அறிவிப்புக் கடிதம் கொடுக்கிறேன். மூன்று மாத அறிவிப்புக் காலம் முடியும்போது ஐந்து ஆண்டு தாண்டியிருக்கும்.

பத்தெழுத்தைச் சென்ற ஞாயிறு கேட்டேன். கடை மூடும் நேரம், கதவைப் பாதி இறக்கியிருந்தோம். அப்பா மூத்த பணியாளரையும் அருகில் அழைத்து, இருவருக்கும் சேர்த்தே சொன்னார். சேலத்திலிருந்து வந்திருந்த தூக்குவாளிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை என்னிடம் வந்தது. நாற்பத்திரண்டு சீட்டுகளில் இரண்டில் எழுத்தை மாற்றிப் போட்டிருந்தேன். அப்பா அவற்றைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னார்.